ஏழாவது மெஷினின் பழுது

1

இந்தக் கதை என் மனதில் உதித்தது என்று எழுதத்தான் ஆசை. உதிக்கவில்லை. நான் செய்த ஒரு காரியத்தின் பின்விளைவு இது. வாக்குமூலத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் கேவலமாக இருக்கும்.

ஒரு வாரப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாகக் கிண்டல் எழுதுகிறேன். (கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கம். கீழே பல்வலி மருந்து விளம்பரம் வரும். இரண்டும் ஒரே வாசகருக்கானவை என்று ஆசிரியர் நினைக்கிறார்.) நாலு மாதம் முன்பு பொது மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவைப் பற்றி எழுதினேன். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே அனுப்புகிற இடம் அது. ஒருவருக்கு நாலு மணி நேரம், வாரம் இரண்டு முறை. அங்கே ஏழு மெஷின்கள். ஏழாவதன் கழுத்தில் 'பழுது' என்று ஓர் அட்டை நாலு வருடமாகத் தொங்கியது. அந்த நாலு வருடத்தில் நாலு நிர்வாக அதிகாரிகள் வந்து போனார்கள். 'இந்த மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருப்பது அந்த அட்டை மட்டுமே. உரிய காலத்தில் அதற்குப் பென்ஷன் வழங்க வேண்டும்' என்று எழுதினேன்.

நிறையப் பேர் ரசித்தார்கள். ஒருவர் மட்டும் ரசிக்காமல் படித்தார். அவர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஐந்தாவது நிர்வாக அதிகாரி.

படித்ததோடு விடாமல் வேலையும் செய்தார். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கழுத்தில் டை, கையில் கால்குலேட்டர், கண்ணில் இரக்கமின்மை, இவற்றோடு அந்த மனிதர் நோயாளிகளை எண்ணிக்கொண்டே வார்டுக்குள்—"

வேண்டாம். அவர் டை கட்டுவதில்லை. அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு மைக்கறை. கண்ணில் இருப்பது இரக்கமின்மை இல்லை, தூக்கமின்மை.

அடுத்த தொடக்கம்: "நிர்வாகம் என்பது—"

'என்பது' என்று ஆரம்பிக்கிற எவரையும் நான் நம்பியதில்லை. என்னையும் சேர்த்து.

ஆகவே நேராகவே போகிறேன். என் தங்கையின் கணவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடம் முன்பு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. உள்ளூர் மருத்துவமனையில் இடமில்லை, காத்திருப்போர் பட்டியல்தான். அதனால் வாரம் ஒரே ஒரு முறை, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் இன்னோர் ஊரில் ரத்தம் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு முறை போதாது. கால் வீங்கும், செருப்பு ஏறாது, படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்குவார். பட்டியலில் தன் எண் நகர்ந்ததா என்று கேட்க மாதம் ஒரு முறை உள்ளூர் வார்டு வாசலில் போய் உட்காருவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். கதவு திறந்து மூடும் இடைவெளியில் அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மச்சான், அந்த ஏழாவது மெஷின் பழுது இல்ல."

"அட்டை தொங்குதே மாப்பிள்ளை."

"அட்டையை என் கழுத்துலகூடத்தான் தொங்கவிடலாம். நாலு வருஷம் ஓடாத மெஷின்னா மேல ஒரு விரக்கடைக்குத் தூசி இருக்கணும். இது புதுப் பொண்ணு மாதிரி பளபளன்னு நிக்குது. கீழ பாருங்க, தண்ணிக் குழாய் ஈரம். யாரோ ஓட்டுறாங்க."

(என் கட்டுரையில் இது இல்லை. மறந்து விடவில்லை. மெஷின் ஓடுகிறது என்று எழுதினால் பென்ஷன் ஜோக் செத்துவிடும். ஜோக்கைக் காப்பாற்றினேன்.)

3

புதிய அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. வந்த வாரமே எல்லாப் பிரிவிலும் வெள்ளைப் பலகை மாட்டினார். மருந்து வரிசையில் நிற்பது எத்தனை நிமிடம், ரத்தப் பரிசோதனை முடிவுக்கு எத்தனை மணி நேரம், எல்லாம் தினமும் எழுதியாக வேண்டும். கேன்டீன்காரர், "சார், இன்னைக்கு டீ எழுபத்தெட்டு சதவீதம் சூடு" என்று நீட்டினாராம். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாராம்.

இப்படி ஒரு மனிதர் அகப்பட்டால் என்னைப் போன்றவனுக்கு ஆறு வாரத்துக்குச் சாப்பாடு. விவரம் சேகரிக்கக் கிளம்பினேன். கிடைத்த விவரம் இது: மருந்து வாங்க முன்பு இரண்டு மணி நேரம், இப்போது முப்பத்தைந்து நிமிடம். என்ன மந்திரம் செய்தார் என்று விசாரித்தேன். மூன்று ஜன்னலில் இரண்டு, பத்து மணி வரை மூடியே கிடந்திருக்கின்றன. சாவி வைத்திருப்பவர் பத்து மணிக்குத்தான் வருவார். சதவீதம் இன்னொரு சாவி செய்யச் சொன்னார்.

அவ்வளவுதான். பதினொரு வருடமாக அந்த இன்னொரு சாவி யாருக்கும் தோன்றவில்லை. நான் பதினொரு வருடமும் அந்த வரிசையைக் கிண்டல் செய்திருக்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.

அவர் என் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பழுது பார்க்கும் எஞ்சினியரோடு டயாலிசிஸ் பிரிவுக்கு வந்தார். அட்டையைக் கழற்றி மின்சாரம் கொடுத்தார்கள். நாலு வருடமாகப் பழுதான மெஷின் நாலாவது நிமிடத்தில் பீப் என்று சொல்லிவிட்டு ஓடியது. பிரிவின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டரிடம் காரணம் கேட்டார். "உதிரி பாகம் வந்திருக்கும் சார்" என்றாராம் சிஸ்டர், முகத்தில் ஒரு கோடு மாறாமல். அவருக்கு ஒரு மெமோ போனது.

பலகையில் 'மெஷின் பயன்பாடு' எண்பத்தைந்து புள்ளி ஏழிலிருந்து நூறு ஆனது. காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒன்பது பேர் உள்ளே வந்தார்கள். ஒன்பதாவது ஆள் என் மாப்பிள்ளை.

செவ்வாய், வெள்ளி, மதிய ஷிஃப்ட். மூன்றே வாரத்தில் செருப்பு ஏறியது. படுத்துத் தூங்கினார். "அப்பாவுக்குப் பழைய மூஞ்சி வந்துடுச்சு" என்றாள் அவருடைய சின்ன மகள். இருபத்திரண்டு வருடத்தில் என் எழுத்தால் நடந்த முதல் நல்ல காரியம். பதினைந்து நாள் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மறைப்பானேன்.

4

"பென்ஷன் கேட்டு எழுதின சார் நீங்கதானா?"

பெரிய சிஸ்டர் அப்படித்தான் அறிமுகமானார். மாப்பிள்ளையின் கையில் இரண்டு ஊசியையும் ஏற்றிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"நான்தான் சிஸ்டர்."

"இப்படி வாங்க."

உப்புநீர்ப் பெட்டிகள் கூரை வரை அடுக்கிய அறை. நிற்க மட்டும் இடம்.

"நாலு வருஷமா அது பழுதே இல்ல. நான்தான் பழுதாக்கி வெச்சிருந்தேன்."

"புரியல."

"ஆறு மெஷின்ல அம்பத்திநாலு பேர் சார். எல்லாரும் மனுஷங்க. ஒருத்தருக்குப் பஸ் வராது. ஒருத்தருக்குக் காய்ச்சல். ஒருத்தர் விசேஷ வீட்டுல ஆசைப்பட்டு நாலு டம்ளர் தண்ணி குடிச்சிடுவார். மறுநாள் மூச்சு முட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க. அவங்களை எங்க படுக்க வெப்பேன்? உங்க தலையிலயா?"

"காலியா ஒண்ணு வேணும்னு கேட்டிருக்கலாமே?"

"காலியா இருக்குன்னு சொன்னா மறுநாளே ஆளைப் போடச் சொல்வாங்க. பழுதுன்னு சொன்னா ஒரு நாதி எட்டிப் பாக்காது. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானே வந்து தண்ணி ஓட்டிக் கழுவி வெப்பேன்."

"மேல இருந்து கேக்கவே இல்லையா?"

"மூணு மாசத்துக்கு ஒரு லெட்டர் வரும், ஏன் இன்னும் பழுதுன்னு. 'உதிரி பாகம் எதிர்பார்க்கப்படுகிறது'ன்னு போடுவேன். பதினாறு லெட்டர் சார். எந்தப் பாகம்னு ஒருத்தர் கேக்கல."

வெளியே ஏதோ மெஷின் கூவியது. போகும் முன் திரும்பினார்.

"உங்க மாப்பிள்ளை நல்லா இருக்கார். அதுல எனக்குச் சந்தோஷம்தான். அதையும் எழுதிக்கோங்க."

(எழுதிவிட்டேன். இந்தக் கதையில் ஒரு வில்லன் வேண்டும் என்று தேடி வந்தவன், இரண்டாவது ஆளையும் இழந்து நின்றேன்.)

5

இந்தப் பகுதியின் முதல் வடிவம் இப்படி முடிந்தது: "தையல்கார அம்மா ஒரு கையை நீட்டினார். ஏழு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் காலடியிலேயே அவருடைய உயிர்—"

மாப்பிள்ளைக்கு நாலு மணி நேரம் போக வேண்டுமே என்று கைப்பிரதியைக் கொடுத்திருந்தேன். இடது கையில் ஊசிகள்; வலது கையால் தாளைப் பிடித்துப் படித்தார்.

"மச்சான், இவங்களைச் சாகடிச்சிட்டீங்களே."

"கதைக்கு அந்த இடத்துல ஒரு அடி வேணும் மாப்பிள்ளை."

"அடி வேணும்னா? அவங்க பக்கத்து பெட்ல படுத்திருக்காங்க."

பக்கத்துக் கட்டிலிலிருந்து தையல்கார அம்மாவின் குரல் வந்தது. அன்று அவருக்குக் கிழமை மாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

"யாரைச் சாகடிச்சிருக்காரு?"

"உங்களத்தான்க்கா."

"எத்தனாவது பக்கத்துல?"

"நாலாவது."

"அதுக்குள்ளயா? இன்னும் ரெண்டு பக்கம் இருந்துட்டுப் போறேன், விடுங்க தம்பி. பேரனுக்குச் சட்டை பாதியில நிக்குது."

ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். தையல்கார அம்மா திங்கள், வியாழன் நோயாளி. ஒரு திங்கட்கிழமை மகளுக்குப் பிரசவ வலி; அம்மா வரவில்லை. மறுநாள் மதியம் வார்டு வாசலில் வந்து நின்றார். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. உதடு நீலம். பழைய நாளாக இருந்தால் பெரிய சிஸ்டர் ஏழாவதைக் காட்டி "படுங்க" என்றிருப்பார். ஏழாவதில் மாப்பிள்ளை இருந்தார். மற்ற ஆறிலும் ஆள். எல்லாருக்கும் இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி.

சிஸ்டர் அறையின் நடுவில் நின்றார். "யாராவது ஒருத்தர் இன்னைக்குப் பாதியில இறங்கிக்க முடியுமா?" என்று கேட்டார். உத்தரவாக இல்லை. உத்தரவிட அவருக்கு உரிமையும் இல்லை.

ஏழு பேரும் கூரையைப் பார்த்தார்கள். கூரையில் அன்று அப்படி என்ன எழுதியிருந்ததோ. குற்றம் சொல்லவில்லை, அந்தப் பாக்கி இரண்டு மணி நேரம் அவர்களுக்குச் சோறு மாதிரி.

"என்னை இறக்கி விடுங்க சிஸ்டர்," என்றார் மாப்பிள்ளை. "வெள்ளிக்கிழமை எனக்கு நல்லா ஓடுச்சு. சமாளிச்சுக்கலாம்."

மெஷினைக் கழுவித் தயார் செய்ய அரை மணி நேரம். அதுவரை தையல்கார அம்மாவை ஆக்ஸிஜனில் உட்கார வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார். மாப்பிள்ளை அடுத்த வெள்ளி வரை உட்கார்ந்தே தூங்கினார்.

தங்கை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பேசியபோது, "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்கண்ணா? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். டீ குடிக்க வெளியே போயிருந்தேன் என்றேன்.

(போகவில்லை. அங்கேதான் இருந்தேன். கூரையைப் பார்த்தது ஏழு நோயாளிகளும் இல்லை. மாப்பிள்ளையைக் கழித்து என்னைக் கூட்டினால் ஏழு சரியாக வரும்.)

6

ரெஜிஸ்டரில் ஒருவருக்குப் பாதி நேரம் மட்டும் பதிவாகியிருந்ததைச் சதவீதம் பார்த்துவிட்டார். அதைப் பார்க்காமல் விட அவரால் முடியாது, பிறவிக் குணம். சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டார். சிஸ்டர் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னார். அதன் பிறகு சிஸ்டரோடு என்னையும் வரச்சொல்லிச் சதவீதம் ஆள் அனுப்பினார், கட்டுரை எழுதியவன் என்ற முறையில்.

மேஜையில் திறந்த டிபன் பாக்ஸ், தொடாமல். திட்டப் போகிறார் என்று குறிப்பேட்டைத் தயாராக வைத்துக்கொண்டேன். அதிகாரிகள் திட்டும்போது நல்ல வாக்கியங்கள் கிடைக்கும்.

"அந்த மெஷின்ல எத்தனை பேரைக் காப்பாத்தியிருப்பீங்க சிஸ்டர்?"

"எழுதி வெக்கல சார்."

"ஏன்?"

"பழுதான மெஷின்ல ஆளைப் போட்டேன்னு எந்த ரெஜிஸ்டர்ல எழுதுறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்தார். நான் எதிர்பார்த்த வாக்கியம் வரவில்லை.

"போன மாசம் எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு சிஸ்டர். நூறு சதவீதத்துக்கு. ஃபிரேம் போடக் குடுத்திருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். மாத அறிக்கையில் மெஷின்களுக்கு இரண்டே கட்டங்கள்: இயங்குகிறது, பழுது. 'அவசரத்துக்கு ஒதுக்கப்பட்டது' என்று மூன்றாவது கட்டம் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். பதிலை எடுத்துக் காட்டினார்: 'படிவத்தில் இல்லாத விவரம் இவ்வலுவலகத்தால் கோரப்படவில்லை.'

(எட்டாவது மெஷின் வாங்கலாமே என்பீர்கள். அதையும் கேட்டார். பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனைக்கும் ஏதோ உதிரி பாகம் வரவேண்டும் போல.)

"ஏழாவதுல மதிய ஷிஃப்டை மட்டும் காலியா வெக்கலாம்," என்றார். "அந்த நேரம் பழுதுன்னு எழுதணும். நான் பொய் எழுதினவன் இல்ல. ஆனா எழுதலாம், கை ஒண்ணும் கழண்டுடாது. எழுதினா மூணு பேர் திரும்பப் பட்டியலுக்குப் போகணும். முறைப்படி பாத்தா, கடைசியா வந்த மூணு பேர்."

சிஸ்டர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒம்போதாவது ஆள் இவரோட மாப்பிள்ளை சார்."

"அன்னைக்கு இறங்கினாரே, அவரா?"

"அவர்தான். அவரை மட்டும் வெச்சுக்கிட்டு ஆறாவது ஆளை—"

"ஆறாவது ஆளுக்கும் ஒரு மச்சான் இருப்பாரு சிஸ்டர்."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எழுதினதைப் படிச்சிட்டுத்தான் அன்னைக்கு மெஷினை ஓடவிட்டேன். இப்பவும் எழுதுங்க சார். இப்ப எல்லாமே தெரியும் உங்களுக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். படிச்சிட்டுக் கையெழுத்து போடுறேன்."

"முடிவு பண்றது உங்க வேலைதானே சார்?"

"ஆமா. ஆனா போன தடவை நீங்க செஞ்சீங்களே."

குத்தலாகச் சொன்னால் திருப்பிக் குத்தியிருப்பேன். அந்த மனிதருக்குக் குத்தலே வராது. உண்மையிலேயே என் கருத்தைக் கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் எந்த அதிகாரியும் எனக்குச் செய்யாத கொடுமை.

7

இன்று திங்கள். ஐந்தரை மணி. இதுவரை எழுதிய முடிவுகள்:

"மதிய ஷிஃப்டில் அட்டை மறுபடி தொங்கியது. மாப்பிள்ளை பழைய பஸ்ஸில், பழைய ஜன்னலோரம், செருப்பைக் கையில்—"

என்னால் முடியவில்லை.

"ஏழு மெஷின்களும் ஓடின. பலகையில் நூறு. இரண்டு மாதம் கழித்து ஒரு மதியம், ஒருவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சாக—"

இதுவும் முடியவில்லை. அந்த ஒருவருக்கு முகம் வைக்க முயன்றேன். யார் முகத்தை வைத்தாலும் தெரிந்த முகமாகவே இருக்கிறது.

மூன்றாவது முடிவில் எட்டாவது மெஷின் லாரியில் வந்து இறங்கியது. அதை வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையிடம் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் கை அசைந்து மெஷின் கூவி, சிஸ்டர் ஓடி வந்தார்.

"லாரி அழகா வருது மச்சான். ஹாரன் சத்தம்கூடக் கேக்குது."

"அப்ப நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை. நான் என்ன எழுதட்டும்?"

குழாயில் ஓடும் தன் ரத்தத்தைப் பார்த்தார்.

"லிஃப்ட்ல எட்டு பேர்னு போட்டிருக்கும். பன்னெண்டு பேரைத் தாங்கும், அப்படித்தான் கட்டுவோம். அந்த நாலு பேர் இடத்தை ஏன் வீணாக்குறேன்னு எந்த மேனேஜரும் என்கிட்ட கேட்டதில்ல. கேட்டு நிரப்பினா ஒருநாள் அறுந்துடும்னு அவங்களுக்கே தெரியும்."

"அப்ப காலியா விடச் சொல்றீங்க. நீங்க வெளிய போயிடறேங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லல," என்றார் சட்டென்று. "லிஃப்டைப் பத்திச் சொன்னேன். எனக்குச் செவ்வாய்க்கிழமை வேணும் மச்சான். வெள்ளிக்கிழமையும் வேணும்."

இதற்குப் பிறகு நான் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளுகிற குமாஸ்தாக்களை நான் கிண்டல் செய்தது போல் யாரும் செய்ததில்லை. இப்போது தள்ளப் போகிறேன். தள்ளும்போது எவ்வளவு இதமாக இருக்கிறது என்று அவர்களில் ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை.

அலுவலகம் ஆறு மணி வரை திறந்திருக்கும். இந்தத் தாள்களை அங்கே கொடுத்துவிடுவேன். இன்னொரு பிரதிதான் உங்கள் கையில். நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது அவரும் இதே வரியில் இருக்கலாம், கையெழுத்துப் பேனாவைத் திறந்தபடி.

போன் அடிக்கிறது. தங்கை.

"அண்ணா, நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி எடுத்துட்டு வருவீங்க? அவரு சட்டையெல்லாம் தேச்சு வெச்சுட்டாரு. 'அண்ணன்கிட்ட கேளு'ங்கறாரு, உடனே 'கேக்காத'ங்கறாரு. என்னண்ணா விஷயம்? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கிறேன். அவள் மறுபடி "அண்ணா?" என்கிறாள். இந்தாருங்கள், பிடியுங்கள் போனை. எத்தனை மணி என்று நீங்களே சொல்லுங்கள்.